பின்வாசல் சீட்டு

என் அக்கா யாரையும் நம்ப மாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முப்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்வாசலில், சர்வீஸ் லிஃப்டுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறாள். சமையல் செய்கிறவர்கள், வீடு துடைக்கிறவர்கள், குழந்தை பார்த்துக்கொள்கிறவர்கள், டிரைவர்கள் என்று எல்லாரும் அந்த மேசையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். அவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே.

நான் அதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக். கூடப் பிறந்த தம்பி என்பதற்காக எனக்குச் சலுகை எதுவும் கிடையாது. என் டூல் பையைத் தினமும் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒருநாள், “காலைல ஆறு ஸ்பேனர்தான் உள்ள போச்சு, இப்ப ஏழு இருக்கு” என்று நிறுத்திவைத்துவிட்டாள். ஏழாவது என் சட்டைப் பையில் வந்தது என்று அவளுக்கு விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

“கூடப்பிறந்தவனையே இப்படிப் பண்றியே” என்றேன்.

“கூடப்பிறந்தவன்னு விட்டா, நாளைக்கு ஒருத்தர் பையையும் நான் திறக்க முடியாது. போடா” என்றாள். 

கட்டடத்தின் சட்டம் இதுதான். பின்வாசல் வழியாகப் போகிறவர் கையில் வீட்டுக்காரர் கொடுத்த பொருள் எது இருந்தாலும், பழைய துணியானாலும் மீந்த கேக் துண்டானாலும், கூடவே ஒரு சீட்டு இருக்க வேண்டும். என்ன பொருள், எந்த மாடி, யாருக்கு என்று எழுதி வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வாங்கிப் போகிறவர் சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் பொருள் மேசையிலேயே தங்கிவிடும், பெயர் மேனேஜர் அறைக்குப் போய்விடும். முன்வாசலில் இப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கமாக ஒருவன் பியானோவையே தூக்கிக்கொண்டு போனாலும் கதவைத் திறந்துவிட்டு, “பாத்து சார், தூக்கலாமா?” என்பார்கள்.

கிளாஸ், கிளாஸ் என்று எங்கள் கட்டடத்தில் தினமும் பத்துப் பேராவது சொல்வார்கள். ஆளுக்கு ஒரு அர்த்தம். சொந்த வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர்களோடு லிஃப்டில் வர நேர்ந்தால் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு அது கிளாஸ். வாடகைக்காரர்கள் நாய்க்குக்கூட வெளிநாட்டுச் சோப்பு போடுவார்கள். அது அவர்கள் கிளாஸ். ஏதோ கீழே இருக்கிற நாங்கள் யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். சமையல்காரிகள் உட்காரும் பெஞ்சில் பாத்ரூம் கழுவுகிறவர்கள் உட்கார்ந்தால் முகம் கோணிவிடும். பெரிய கார் டிரைவர் சின்னக் கார் டிரைவரிடம் மணிகூடக் கேட்க மாட்டான். நான் கையில் கிரீஸ் இருந்தாலும் டெக்னீஷியன், அதனால் எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் நின்றுகொண்டே டீ குடிப்பேன். அக்காவின் கணக்கு வேறு. “கேள்வி கேக்காம எதை வெளிய எடுத்துட்டுப் போக முடியுதோ, அதான்டா கிளாஸ்” என்பாள். இதுவரை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவுக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறைகளில் அவளை விட்டுவர இடம் இல்லாமல் அக்கா வேலைக்கே கூட்டி வருவாள். அந்தக் குழந்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரையும். சலித்தால் என்னோடு சர்வீஸ் லிஃப்டில் ஏறி இறங்கும். இன்று அது வளர்ந்து ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிறது. கழுத்தில் அட்டை, தோளில் பை, போனில் பேசும்போது ஒரு குரல், எங்களோடு பேசும்போது இன்னொரு குரல்.

அந்த இரண்டு குரலில்தான் அக்காவுக்குச் சந்தேகம் தொடங்கியது. பாப்பா புதிதாக ஒரு சென்ட் பாட்டில் கொண்டு வந்தால், “யார் குடுத்தா?” என்பாள். “நானே வாங்கினேன்மா.” “எந்தக் கடை?” புதுப் பை வந்தால், பாப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து உள்தையலைத் தடவிப் பார்ப்பாள். நானே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். “வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதக்கா” என்றேன். “இந்தச் சம்பளத்துல இதெல்லாம் எப்படிடா வரும்? எனக்குக் கணக்கு இடிக்குது” என்றாள். கம்பெனி ஆட்கள் நடுவில் குறைந்தவளாகத் தெரியக்கூடாது என்று அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதையெல்லாம் வாங்குகிறாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. 

ஒருநாள் சாயங்காலம் பாப்பா சுற்றி வளைத்துப் பேச்செடுத்தாள். அவளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாளாம். மத்தியானம் வீட்டில் விருந்தாம். அந்த வீடு எங்கள் கட்டடத்தின் இருபத்திரண்டாம் மாடியாம்.

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “உங்கம்மா அங்கதான் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியுமா?”

பாப்பா சுவரைப் பார்த்தாள். “ஆபீஸ்ல கேட்டாங்கம்மா. நீ அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

“பொய் ஒண்ணும் இல்லையே. நிர்வாகம்தான், பையை நிர்வாகம் பண்றா” என்று நான் குறுக்கே விழுந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“நீ அன்னைக்கு மட்டும் லீவு போடேன்மா.”

“நான் எதுக்கு லீவு போடணும்?” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “நீ முன்னாடி வா, முன்னாடியே போ. நான் பின்னாடி இருக்கேன். பதினோரு வருஷமா அந்த வீட்டு ஆளுங்களே என்னைப் பாத்ததில்ல, நீ எங்க பாக்கப்போற?”

அப்படியே பேசி முடிந்தது. இரண்டு பேரும் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் போதும். பாப்பாவின் பெயர் கம்பெனியில் கெடாது, அக்காவின் பெயர் மேசையில் கெடாது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அது அவ்வளவு எளிதாக முடியும் என்று தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்பக்கத்து இரண்டு லிஃப்டுகளில் ஒன்றை நிறுத்திவைத்திருந்தேன். கதவு உருளை தேய்ந்து கரகரவென்று சத்தம். மறுநாள் செய்திருக்கலாம். மேனேஜர் நச்சரித்தார் என்று அன்றைக்கே பிரித்தேன். அதனால் இதில் என் பங்கும் உண்டு. யாரும் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பிரித்த உருளையைத் துடைக்க எண்ணெய் டப்பாவோடு பின்வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து. வேலையாட்கள் கிளம்பும் நேரம். மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். அதில் ஒன்பதாம் மாடிச் சமையல்காரியும் இருந்தாள். அவளுடைய தங்கைக்குப் போன மாதம்தான் வேலை போயிற்று. பையில் அரை பாட்டில் ஷாம்பு இருந்தது, சீட்டு இல்லை. “அவங்களேதான் குடுத்தாங்க” என்று அந்தப் பெண் அழுதாள். வீட்டுக்காரருக்கு ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து சமையல்காரி அக்காவைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேல்மாடிகளில் சர்வீஸ் லிஃப்டுக்குப் போக ஒரு கதவு உண்டு. சுவருக்கு அடித்த அதே சாயம்தான் அதற்கும். கைப்பிடி இல்லை, பலகை இல்லை. ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் திறக்கும். விருந்தாளிகளுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இருபத்திரண்டாம் மாடியில் விருந்து முடிந்து வெளியே வந்த கூட்டம் ஒரே லிஃப்டுக்காகக் காத்து நின்றிருக்கிறது. பாப்பா பேசிக்கொண்டே நடந்து, தன்னையறியாமல் சுவரில் கை வைத்து அழுத்தியிருக்கிறாள். சுவர் திறந்துகொண்டது.

சர்வீஸ் லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது உள்ளே மூன்று பெண்கள் நின்றார்கள். கட்டை முடி வைத்த ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருத்தி, நடுவில் பாப்பா. கட்டை முடிக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்: “ஏய், நிஜமா சொல்லு, அங்க கதவு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?” பாப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்காவும் அவளும் நேருக்கு நேர் பார்த்தார்கள். நான் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தேன்.

“மேடம், நாங்க தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டோம்” என்றாள் பாப்பா. போனில் பேசுகிற குரல்.

மேடம்! பெற்ற தாயை மேடம் என்று கூப்பிட்டதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “பரவால்ல. இப்படி வெளிய போயிடலாம்” என்று கையைக் காட்டினாள்.

அப்போதுதான் வரிசையிலிருந்து சமையல்காரியின் குரல் வந்தது. “ஏங்க, இந்த வழியா போனா எல்லாருக்கும் ஒரே ரூல்னு சொல்வீங்களே? இவங்க கையில பை இல்லையா? இல்ல, நல்ல டிரெஸ் போட்டா ரூல் கிடையாதா?”

வரிசை முழுவதும் அக்காவைப் பார்த்தது. என்னை ஸ்பேனருக்காக அரை மணி நேரம் நிறுத்தியவள் அவள். ஷாம்புக்காக ஒருத்தியின் வேலை போயிருக்கிறது. அக்கா ஒரு மூச்சு விட்டு, “மூணு பேரும் பையைத் திறங்க” என்றாள்.

அந்த இரண்டு பெண்களுக்கும் இது ஒரே வேடிக்கை. கட்டை முடிக்காரி சிரித்துக்கொண்டே பையை மேசையில் கொட்டினாள். “ஏர்போர்ட் மாதிரி இருக்குப்பா!” கண்ணாடிக்காரி போனை எடுத்துப் படம் பிடித்தாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பையைத் தினமும் திறக்கிறவர்கள்.

பாப்பா தன் பையை மெதுவாகத் திறந்தாள். உள்ளே துணிப்பை ஒன்று. அதற்குள் ஒரு ஜோடி ஷூ. கறுப்புத் தோல், குதிகால் உயரம், வழவழவென்று. புதிது இல்லை, அடிப்பாகத்தில் லேசான தேய்மானம். மற்ற இருவர் பையிலும் அப்படி எதுவும் இல்லை.

அக்காவின் கண் மாறியதை நான் பார்த்தேன். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாவது ஸ்பேனருக்கு அதே பார்வைதான்.

“இது ஏது?”

“இருபத்திரண்டாம் மாடி ஆன்ட்டி குடுத்தாங்க. அவங்க பொண்ணுக்குச் சேரலையாம். என்னைத் தனியாக் கூப்பிட்டுக் குடுத்தாங்க.”

“ஏய், எங்ககிட்ட சொல்லவே இல்ல?” என்றாள் கண்ணாடிக்காரி. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி விழுந்த நேரம் சரியில்லை.

“சீட்டு இருக்குங்களா?” என்றாள் அக்கா. மகளை ‘ங்க’ போட்டுக் கேட்டாள்.

“என்ன சீட்டு? நான் கெஸ்ட்டா வந்தவ.”

“இந்த வழியா போனா சீட்டு வேணுங்க.”

“அவங்களே குடுத்தாங்கன்னு சொல்றேன்ல?”

போன மாதம் அதே இடத்தில் நின்று, அதே வார்த்தைகளைத்தான் ஷாம்புக்காரப் பெண் சொன்னாள். சமையல்காரி தொண்டையைச் செருமினாள்.

அக்கா ஒரு ஷூவை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே கையை விட்டாள். நுனிவரை. சின்னப் பொருட்களை ஷூவின் நுனியில் திணித்துக் கொண்டுபோவது பழைய வித்தை. அவள் அப்படி எத்தனையோ பிடித்திருக்கிறாள். முதல் ஷூவில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கையை விட்டாள். பாப்பா ஷூவைப் பார்க்கவில்லை. தன் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அக்காவின் விரல்கள் எதையோ பிடித்து வெளியே எடுத்தன. நாலாக மடித்த ஒரு காகிதம்.

சீட்டுதான். கட்டடத்தின் முத்திரை போட்ட அதே சீட்டு.

அக்கா சீட்டை எப்போதும் சத்தமாகப் படிப்பாள். வரிசைக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பது அவள் வழக்கம். “ஷூ, ஒரு ஜோடி. இருபத்திரண்டாம் மாடி” என்று படித்தாள். அடுத்த வரியில் நின்றுவிட்டாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அழகான, சாய்ந்த கையெழுத்து. யாருக்கு என்ற இடத்தில், ‘கீழே பை பார்க்கிற அம்மாவின் மகளுக்கு’ என்று எழுதியிருந்தது.

“என்ன எழுதிருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள் கட்டை முடிக்காரி.

“எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிருக்கு” என்று அக்கா சீட்டைச் சட்டென்று கவிழ்த்தாள். “பின்னாடி ஒரு கையெழுத்துப் போடுங்க.”

கையெழுத்துப் போட வேண்டியவர் முதலில் சீட்டைப் படித்துப் பார்ப்பார். பாப்பாவும் திருப்பிப் படித்தாள். அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு தன் பெயரை எழுதினாள். ஷூவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு தெருவில் இறங்கினாள். அவர்கள் இருவருக்கும் கடைசிவரை ஒன்றும் தெரியாது. நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது நடக்கவில்லை.

சீட்டு எழுதிய அந்த இருபத்திரண்டாம் மாடி அம்மாவுக்கு, பாப்பா யார் என்று எப்படித் தெரிந்தது என்று நாங்கள் இன்றுவரை மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறோம். அக்கா, முகஜாடைதான் காட்டிக்கொடுத்திருக்கும் என்கிறாள். பாப்பா, கேக் சாப்பிட்டதும் எழுந்து எல்லாருடைய தட்டையும் அடுக்கியது தப்பு என்கிறாள். மற்ற பெண்கள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார்களாம். என் சந்தேகம் வேறு. அந்த அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் விருந்துக்கு வரவிட்டு, சிரித்துப் பேசி, கேக் ஊட்டி, போகும்போது வேலையாட்களுக்குக் கொடுக்கிற மாதிரி பழசைக் கொடுத்து, போகிற வழியையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவைப் பார்க்காமலா போவாள், பின்பக்கமாகத்தான் போவாள், சீட்டு இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நல்ல மனசோடு எழுதியிருக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். அப்படியென்றால் சீட்டைக் கையில் கொடுத்திருக்கலாமே, ஷூவுக்குள் எதற்கு ஒளிக்க வேண்டும்? எனக்கு அந்த நல்ல மனசின் மேல் நம்பிக்கை வரவில்லை.

அன்று அக்கா வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சண்டை வரும் என்று தெரியும். பாப்பா கதவருகிலேயே காத்திருந்தாள். மேடம் என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று அக்கா எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“நான் எடுத்துட்டேன்னுதானே நினைச்சே?” என்றாள் பாப்பா.

“இல்ல பாப்பா, அந்தச் சமையல்காரி நின்னுட்டு...”

“பொய் சொல்லாதம்மா. சீட்டு கேட்டே, சரி. பையைத் திறக்கச் சொன்னே, அதுவும் சரி. ஷூக்குள்ள எதுக்குக் கை விட்டே? அதை அவ சொல்லலையே?”

“எல்லாருக்கும் அப்படித்தான் பாப்பேன்.”

“நான் எல்லாருமாம்மா?”

பாப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஆமாடா. நினைச்சேன். ஒரு நிமிஷம்தான். ஆனா நினைச்சேன்.” பதினோரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவளைத் தேற்ற எதையாவது பொய்யாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

மறுநாளிலிருந்து பாப்பா அந்த ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். வீம்பு. டக் டக்கென்று தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று, தோள் பையைக் கழற்றி, அக்காவின் முன்னால் வைத்து, ஜிப்பைத் திறந்துவிடுவாள். “பாத்துக்கோ” என்பாள். கோபமாகக்கூட இல்லை, ஏதோ தினப்படி வேலை மாதிரி. முதல் நாள் அக்கா பையை அவள் பக்கமே தள்ளினாள். இரண்டாம் நாள் கெஞ்சினாள். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினாள். பாப்பா பத்து வரை எண்ணுகிற நேரம் நின்றுவிட்டு, பையை மூடிக்கொண்டு உள்ளே போவாள்.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டக் டக் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா வந்தாள், பையை வைத்தாள், ஜிப்பை இழுத்தாள். பதினோரு வருடமாகக் கேட்ட சத்தம் அது. அக்காவின் முகம் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது. கண் மட்டும் தானாகப் பைக்குள் போய்விட்டு வந்தது. ஒரே ஒரு தடவை. நான் பார்த்தேன். பாப்பாவும் பார்த்தாள்.

“எல்லாம் என்னோடதுதாம்மா” என்றாள் பாப்பா. “சீட்டு இல்ல.”